அக்காவுக்காக நான் கேட்காமல் விட்ட ரத்தம்

அம்மனை நம்பி இருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு.

போன பங்குனி மாதம் என் அக்காவுக்கு முட்டி மாற்றும் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது. ஊரில் எல்லோரும், "ஆத்தா கண்ணத் தொறந்துட்டா" என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். ஆனால் அவள் எப்படிப்பட்டவனுக்குக் கண் திறந்தாள் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் நன்றி மட்டும் சொன்னால் அது பாதி நன்றிதான். அதனால் முழுவதையும் எழுதுகிறேன்.

என் பெயர் அடைக்கலம். ஊர் அன்னவாசலுக்குப் பக்கம். ஐந்தாவது வரைக்கும் படித்தேன். கடலை மில்லில் மூட்டை தைக்கிறேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கோணி ஊசியும் சணலுமாக வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனால்தான் அந்த வேலையில் இத்தனை வருடம் நின்றேன் என்று நினைக்கிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்சம். நாலு பேர் இருக்கும் இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒன்று வேண்டும் என்று கேட்க வாய் வராது.

எனக்கு வாயாக இருந்தது என் அக்கா வள்ளிக்கண்ணு. அம்மா இறந்த பிறகு என்னை வளர்த்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் மாமா சீக்கிரமே போய்விட, பிள்ளை இல்லாமல் திரும்பி வந்து என்னோடு இருக்கிறாள். ரேஷன் கடையில், பஞ்சாயத்து ஆபீஸில், மில் முதலாளியிடம், எனக்காக எல்லாம் அவள்தான் பேசுவாள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் அவளே பேசினாள். பெண் வீட்டார் பிறகு சொல்லி அனுப்பினார்கள்: "அக்கா நல்லாப் பேசுறாக. மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா?" அதை அக்கா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். கல்யாணம் நடக்கவில்லை.

அந்த அக்காவுக்கு முட்டி தேய்ந்துபோனது. முதலில் வலி, பிறகு வீக்கம், பிறகு வலது கால் வில்லாக வளைந்தது. பாத்ரூமுக்குப் போக பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே போவாள். நடுவழியில் நின்று அழுவாள். யாராவது பார்த்தால் சிரிப்பாள். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கித் தினமும் போட்டாள். டாக்டர் சீட்டு இல்லாமல் அதை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். பழைய அட்டையை நீட்டினால் போதும், பேச வேண்டியதில்லை.

மாசி மாதம் புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, முட்டியை மாற்றினால்தான் நடக்க முடியும் என்றார். காப்பீட்டு அட்டையிலேயே செய்துவிடலாம் என்றார். எங்களுக்குச் சந்தோஷம். பிறகு ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஏம்மா, ஒடம்புல ரத்தமே இல்லையே. இந்த வலி மாத்திரைய எவ்வளவு நாளாப் போடுறீங்க?"

"அது இருக்கும் சார், எங்க மாட்டுக் கொட்டகைக்குத் தகரம் போட்ட வருசத்துல இருந்து" என்றாள் அக்கா.

டாக்டர் சிரிக்கவில்லை. எங்களுக்குப் புரியும்படி சொன்னார். முட்டி ஆபரேஷனில் எலும்பை அறுப்பார்கள். அறுத்த எலும்பிலிருந்து ரத்தம் கசியும். நல்ல ரத்தம் உள்ளவர்கள் அதைத் தாங்குவார்கள், அக்கா தாங்க மாட்டாள். அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கி உள்ளேயே ரத்தத்தைக் கசியவிடும். ரத்தத்தை உறையவும் விடாது. அதனால் முதலில் மாத்திரையை நிறுத்த வேண்டும். ரத்தம் ஊற இரும்புச்சத்து மருந்தை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். ஆபரேஷன் அன்று ரத்தக் கசிவைக் குறைக்கும் ஊசி போடுவார்கள்.

"இவ்வளவும் சரியா செஞ்சா வெளியில இருந்து ரத்தம் ஏத்த வேண்டிய தேவையே வராமப் போகலாம். ஆனா வராதுங்குற நம்பிக்கையில நான் கத்தி எடுக்க மாட்டேன். கையில ரத்தம் ரெடியா இருக்கணும். ஒங்க அக்கா ஏ நெகட்டிவ். அந்த வகை ரத்த வங்கியில ஒரு பாட்டில் இருந்தாலே பெரிசு. நீங்க ஒரு ஆளையாவது சொல்லி வச்சுக்கங்க."

என் ரத்தத்தைச் சோதித்தார்கள். சேரவில்லை.

வேலை இப்படிப் பிரிந்தது. வலியைத் தாங்குவது அக்காவின் வேலை. மருந்தும் ஊசியும் டாக்டரின் வேலை. ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்பது என் வேலை.

அக்கா தன் வேலையைச் செய்தாள். மாத்திரை இல்லாமல் துண்டின் முனையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். சில நேரம் என்னைத் திட்டுவாள். "ஒரே ஒரு மாத்திரைடா. டாக்டருக்குத் தெரியவா போவுது?" நான் தர மாட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொல்வாள்: "நான் கேட்டாலும் குடுக்காத, என்ன?" டிரிப்ஸ் ஏற்ற பஸ்ஸில் போய் வந்தாள். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சலித்துப்போகும் வரை சாப்பிட்டாள். ரத்தம் ஏறியது. டாக்டர் பாராட்டினார்.

நான் என் வேலையைச் செய்யவில்லை.

ஆள் கிடைக்கவில்லை என்று நினைக்காதீர்கள். கண்ணுக்கு எதிரிலேயே இருந்தார். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் சுப்பையா. தன் ஆட்டோவின் முன் கண்ணாடியில் ஏ நெகட்டிவ் என்று பெரிதாக ஒட்டி வைத்திருப்பார். அவரோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. பார்த்தால், "என்னண்ணே, சவுக்கியமா" என்பார். நான் தலையை ஆட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அந்த மனிதரிடம் போய், உன் உடம்பிலிருந்து ரத்தம் கொடு என்று எப்படிக் கேட்பது? நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டேன். மாசி முழுவதும் அப்படியே போனது. அக்கா கேட்டபோது, "அதெல்லாம் மில்லுல ஒரு ஆள்கிட்டச் சொல்லியாச்சுக்கா" என்றேன்.

அக்காவிடம் நான் சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன். பேசாதவனுக்குப் பொய் சொல்லும் வாய்ப்பும் குறைவு.

பங்குனியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். எங்கள் ஊர் முத்துமாரியம்மன் திருவிழாவும் அதே வாரம் வந்தது. காப்புக் கட்டிவிட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் வெளியூரில் தங்கக் கூடாது. பகலில் போகலாம், பொழுது சாய்வதற்குள் ஊருக்குள் வந்துவிட வேண்டும். அதனால் அக்கா, "காப்புக் கட்டுறதுக்கு முன்னாலயே ஊர் எல்லையத் தாண்டிரணும். ஆத்தா கோவிக்கக் கூடாது" என்று பிடிவாதமாக இருந்தாள். சாயங்காலம் காப்பு. அன்று காலையிலேயே கிளம்பினோம், சுப்பையாவின் ஆட்டோவில்.

அக்கா பின்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். வழி முழுக்க அக்காவும் சுப்பையாவும் பேசிக்கொண்டே வந்தார்கள்.

"இந்த வருசம் மொத மொத அலகு குத்துறேன்க்கா. கன்னத்துல. பய பொறந்தா குத்துறேன்னு வேண்டியிருந்தேன்."

"பய பொறந்துட்டானேடா. ஒன் மூஞ்சிய மாதிரியே இருக்கான், பாவம்."

"அப்ப அழகாத்தான இருப்பான்! நீங்க புது முட்டியோட வந்து பாருங்க. திருவிழா முடியிறதுக்குள்ள வந்துருவீகளா?"

"முட்டி வந்துரும். நான் பின்னால வாரேன்."

நான் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன். உள்ளிருந்து பார்த்தால் எழுத்து இடம் வலம் மாறித் தெரியும். ஆனாலும் என்னவென்று எனக்குத் தெரியும். கேட்க வேண்டிய வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. புதுக்கோட்டை வந்தது. இறங்கினோம். ஆட்டோ திரும்பிப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் வார்டு சிஸ்டர் கேட்டார். "ரத்தம் குடுக்க ஆள் சொல்லிட்டீங்களாண்ணா?"

"சொல்லிட்டேன் சிஸ்டர்."

"பேரு?"

"சுப்பையா. ஆட்டோ ஓட்டுறாரு. ஏ நெகட்டிவ்தான்."

எவ்வளவு சரளமாக வந்தது என் பேச்சு! கேட்க வராத வாய்க்குப் பொய் மட்டும் வந்தது. ஆளுக்குப் பெயர் இருந்தது, தொழில் இருந்தது, ரத்தத்தின் வகை கூட சரியாக இருந்தது. அந்த ஆளுக்கு மட்டும் எதுவும் தெரியாது.

ரத்த வங்கியில் ஒரே ஒரு பாட்டில் இருந்தது. அதை அக்காவுக்காக எடுத்து வைத்தார்கள். அது போதாமல் போனால் சுப்பையா இருக்கிறார் என்று நம்பினார்கள்.

இப்போதாவது போன் செய்யலாம் அல்லவா? அந்த நேரம்தான் எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது. ஊரில் காப்புக் கட்டியாகிவிட்டது. சுப்பையா கையில் மஞ்சள் காப்போடு விரதத்தில் இருப்பார். காப்புக் கட்டிய உடம்பிலிருந்து ரத்தம் எடுக்கலாமா? அது அம்மனுக்குக் குற்றமாகிவிடாதா? கேட்டால் பாவம் எனக்குத்தானே வரும்? இதை நினைத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நிம்மதியாகத்தான் இருந்தது. என் கூச்சத்தை அம்மன் முந்தானைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, பக்தி என்று பெயர் சொல்லிக்கொண்டேன்.

ஆபரேஷன் அன்று காலை அக்காவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. நிறையப் பேசுகிறவள் அவள். பயந்திருந்தாள்.

சிஸ்டர் வேகமாக வந்தார். "ஒங்க ஆளு கிளம்பிட்டாரா?"

"கிளம்பிட்டாரு சிஸ்டர்."

கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மனை நினைத்துக் கும்பிட்டேன். என்ன வேண்டினேன் தெரியுமா? அக்கா நடக்க வேண்டும் என்று இல்லை. "ஆத்தா, ரத்தம் தேவப்படாமப் பண்ணிரு. நான் சொன்னது வெளிய தெரியாமப் பண்ணிரு." அதுதான் என் வேண்டுதல். உள்ளே அக்காவின் எலும்பை அறுக்கிறார்கள். வெளியே நான் என் பொய்க்குக் காவல் கேட்கிறேன்.

அப்போது ஒரு அம்மா வந்து அதே பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார். பொன்னமராவதிப் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. கையில் பிள்ளைத் துணிகள் வைத்த பை. அவராகவே பேசினார். துக்கத்தில் இருப்பவர்களுக்கு எதிரில் இருப்பவர் யார் என்று பார்க்கத் தோன்றாது.

"எம் மகளுக்குப் பிரசவம்ணே. கொழந்த நல்லாருக்கு. அவளுக்குத்தான் ரத்தம் நிக்க மாட்டேங்குது. ரத்தம் ஏத்தணுமாம். அவ வக ரத்தம் இங்கிட்டு கெடைக்காதாம். ஒரே ஒரு பாட்டில் இருந்துச்சாம். அதையும் யாரோ முட்டி ஆபரேசனுக்கு எடுத்து வச்சுட்டாகளாம்."

நான் தரையைப் பார்த்தேன்.

"திருச்சிக்குச் சொல்லிவிட்டிருக்காக. வாரதுக்கு நேரமாகுமாம். அந்த முட்டி ஆபரேசன்காரவுகளக் குத்தம் சொல்ல முடியாதுண்ணே. அவுக உசுரும் உசுருதான?" பிறகு கண்ணை மூடிக் கையைக் குவித்தார். வாய்விட்டே வேண்டினார். "ஆத்தா மாரி, எம் புள்ளைய எனக்குக் குடுத்துரு தாயி."

நானும் மாரியிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் மாரியிடம்தான் கேட்டார். ஒரே பெஞ்சு. ஒரே பாட்டில். அவர் மகள் உயிரைக் கேட்கிறார். நான் என் மானத்தைக் கேட்கிறேன். அம்மன் யாருக்குக் காது கொடுப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் உடம்பெல்லாம் வேர்த்தது. எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து எங்காவது. உண்மையாகவே தோன்றியது.

அப்போதுதான் என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒழுங்காக வேண்டினேன். "ஆத்தா, அந்தப் பாட்டில் அந்தப் பிள்ளைக்கே போகட்டும். எங்க அக்கா ரத்தத்த நீ புடிச்சு நிறுத்து. எனக்கு ஒரு வாயக் குடு. அது போதும்."

எழுந்தேன். வராந்தா முனைக்குப் போனேன். அவசரத்தில் பக்கத்துப் பெயரை அழுத்தி, நிறுத்தி, மறுபடி சுப்பையாவின் பெயரை அழுத்தினேன்.

"அண்ணே! நீங்களா? நீங்க போன் பண்ணி இன்னைக்குத்தான் பாக்குறேன். இன்னைக்கு மழ பெய்யப்போவுது போங்க."

"தம்பி..."

"அக்காவுக்கு முடிஞ்சிருச்சா?"

"நடக்குது தம்பி. ரத்தம் வேணும். ஒனக்கு ஏ நெகட்டிவ்தான?"

"ஆமா. எழுதியே ஒட்டியிருக்கேனே."

"அக்காவுக்கும் அதான்."

அந்தப் பக்கம் கோயில் ஒலிபெருக்கிச் சத்தம் மட்டும் கேட்டது.

"இது எப்பண்ணே தெரியும்?"

"மாசியிலயே தெரியும்."

"மாசியிலயேவா? அடப் பாவி மனுசா! ஆட்டோவுல என் முதுகுக்குப் பின்னாலதான உக்காந்து வந்தீக? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீக?"

"காப்புக் கட்டியிருக்கியேன்னு..."

"கன்னத்துல கம்பிய வாங்கிக்கப் போறவன்ணே நான். அதுக்குக் கோவிக்காத ஆத்தா, கையில ஒரு ஊசி குத்துனா கோவிச்சுக்குவாளா? வைங்க போன. வாரேன்."

அவர் வைத்துவிட்டார். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். கேட்பது இவ்வளவுதானா? இதற்காகவா ஒரு மாதம் அக்காவின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்?

வேலை இன்னும் முடியவில்லை. சிஸ்டரிடம் போனேன். "சிஸ்டர், நான் பொய் சொன்னேன். அவருக்கு இப்பத்தான் சொன்னேன். இப்பத்தான் கிளம்புறாரு."

சிஸ்டர் என்னை அடிக்காததுதான் பாக்கி. "வயசான மனுசன்தான நீங்க? உள்ள ஒரு உசுரு படுத்திருக்கு, வெளாட்டா? ஒங்கள நம்பித்தான டாக்டர் கத்தி வச்சாரு?" வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாவும் பார்த்தார். எந்தப் பார்வைக்குப் பயந்து ஐம்பது வயதுவரை வாழ்ந்தேனோ, அந்தப் பார்வை எல்லாம் அன்று ஒரே நேரத்தில் என்மேல் விழுந்தது. நான் சாகவில்லை. நின்றேன்.

சிஸ்டர் உள்ளே போனார். கதவு மூடியிருந்த அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. என்னால் அக்காவுக்கு ஒன்று ஆகிவிட்டால், சாகும் வரை நான் யார் முகத்தைப் பார்ப்பேன்? இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன்.

சிஸ்டர் வெளியே வந்தார். கோபம் குறையவில்லை, ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"தையல் போட ஆரம்பிச்சுட்டாங்க. ரத்தம் ரொம்பக் கம்மியாத்தான் போயிருக்காம். ஒங்க அக்காவுக்கு ரத்தம் ஏத்த வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அந்தப் பாட்டில பிரசவ வார்டுக்கு விட்டுரச் சொல்லிட்டாரு."

பெஞ்சில் இருந்த அம்மா பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்ட மூன்றும் கிடைத்துவிட்டன. பாட்டில் அந்தப் பிள்ளைக்குப் போனது. அக்காவின் ரத்தம் நின்றது. எனக்கு வாய் வந்தது. இதில் ஒன்றுக்காவது நான் தகுதி உள்ளவனா? பொய் சொன்ன வாயை அம்மன் தண்டிக்கவில்லை. அந்த வாயிலேயே வந்து உட்கார்ந்தாள். தண்டித்திருந்தால் கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

சுப்பையா ஆட்டோவில் மாலையும் வேப்பிலையுமாக வந்து இறங்கினார். இடுப்பில் மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. ரத்த வங்கியில் இருந்த பெண் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"விரதமா? வெறும் வயித்துல எடுக்க மாட்டோம்."

"அலகு குத்துறதுக்குத்தான்மா விரதம். பால், பழம் சாப்பிடலாம். ஆத்தா அதுக்கு லீவு குடுத்திருக்கா."

"அலகு எப்பக் குத்துறீங்க?"

"வர்ற ஞாயித்துக்கெழம."

"நல்லவேள. குத்துனதுக்கு அப்புறம் வந்திருந்தா ஒரு வருசத்துக்கு ஒங்ககிட்ட எடுத்திருக்க மாட்டோம். ஒடம்புல புதுசாக் குத்துனவங்ககிட்ட எடுக்கக் கூடாது."

சுப்பையா என்னைத் திரும்பிப் பார்த்தார். காப்புக் கட்டியவரிடம் கேட்கக் கூடாது என்று நான் நினைத்தது முழுக்கத் தலைகீழ். கேட்க வேண்டிய நேரமே அதுதான். திருவிழா முடிந்திருந்தால் அவர் மனது வைத்தாலும் கொடுத்திருக்க முடியாது. அவருடைய ரத்தத்தை, தேவைப்பட்டால் அக்காவுக்கு என்று சோதித்து எடுத்து வைத்தார்கள். கடைசி வரை தேவைப்படவில்லை.

சாயங்காலம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நின்றபடியே பேசினார்.

"நீங்க சொன்னது பொய்னு காலையில தெரிஞ்சிருந்தா நான் ஆரம்பிச்சிருக்கவே மாட்டேன். இது புரியுதா?"

"புரியுது சார். சாமிதான் சார் காப்பாத்துச்சு."

"காப்பாத்துச்சு. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தச் சாமி ஒரு மாசமா ஒங்க அக்காவ அந்த மாத்திரையத் தொட விடாம வச்சிருந்துச்சு. கீரை திங்க வச்சுச்சு. இரும்புச்சத்து ஏத்துனோம், ஊசி போட்டோம், கசிஞ்ச எடத்தையெல்லாம் ஒண்ணொண்ணா அடைச்சோம். அதையும் அந்தக் கணக்குலயே சேத்துக்கங்க."

சேர்த்துக்கொண்டேன் சார். அம்மன் எத்தனை பேர் கையால் வேலை செய்தாள் என்று எண்ணிப் பார்க்கும்போது, அதில் சும்மா கிடந்த ஒரே கை என்னுடையதுதான்.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். சொல்ல வேண்டாம் என்று சுப்பையாகூடச் சொன்னார். நான் சொன்னேன். ஆட்டோவில் பேசாமல் வந்தது, சிஸ்டரிடம் சொன்னது, பெஞ்சில் முதலில் என்ன வேண்டினேன் என்பது, எல்லாம். அக்கா நீண்ட நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை தேவையில்லை.

பிறகு சொன்னாள். "என்னாலதான்டா. எல்லாத்துக்கும் நானே பேசிப் பேசி ஒனக்குப் பேச்சு வராமப் பண்ணிட்டேன்."

"இல்லக்கா. நீ குத்தம் பண்ணல."

"அந்தப் பிரசவக்காரப் புள்ள எப்படி இருக்கு?"

"தெரியலக்கா."

"தெரியலையா? போயிப் பாத்துட்டு வா. நீதான் போகணும். நான் எந்திரிச்சுப் போக முடியாது."

போனேன். பிரசவ வார்டுக்கு வெளியே அந்த அம்மா பிள்ளையை மடியில் வைத்திருந்தார். மகள் பிழைத்துவிட்டாள், கஞ்சி குடித்தாள் என்றார். நான் அவர் எதிரில் நின்று சொன்னேன். "அந்த முட்டி ஆபரேசன் எங்க அக்காவுக்குத்தாம்மா. ஆள் வராருன்னு பொய் சொல்லி ஒங்க பிள்ள ரத்தத்தப் பிடிச்சு வச்சிருந்தவன் நான்தான். என்னைய மன்னிச்சிருங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்க அக்கா எந்திரிச்சு உக்காந்துட்டாகளா?" என்று கேட்டார்.

"உக்காந்துட்டாகம்மா."

"நல்லாருக்கட்டும்" என்றார். பிள்ளையின் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இல்லை.

இப்போது அக்கா கோயிலுக்கு நடந்தே போகிறாள். கம்பு கூட வேண்டியதில்லை. ரத்தம் குறையாமல் இருக்க மாத்திரைக் கடைப் பக்கமே போவதில்லை. நானும் மாறியிருக்கிறேன். முழுதாக மாறிவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இப்போதும் கூட்டத்தில் எனக்கு வேர்க்கும். ஆனால் எங்கள் ஊரில் யாருக்காவது ரத்தம் தேவை என்றால் அவர்கள் வீட்டுக்குப் போய், யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்து, நானே போய்க் கேட்கிறேன். இரண்டு மூன்று பேர் மறுத்திருக்கிறார்கள். ஒருவர் கதவையே சாத்தினார். வருத்தமாக இருந்தது. திரும்பி வந்து அடுத்த வீட்டைத் தட்டினேன். என் ரத்தத்தையும் கொடுக்கிறேன். அக்காவுக்குச் சேராத ரத்தம் வேறு யாருக்கோ சேருகிறது.

நடந்த தப்பு எனக்குள்ளிருந்து போகவில்லை. போக வேண்டும் என்று நான் வேண்டவும் இல்லை. அது இருந்தால்தான் என் வாய் மூடாது.

என்னைப் போலக் கூச்சம் உள்ளவர்கள், கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று நிற்பவர்கள், உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். கூட்டத்தில் நாம் சத்தம் போடாததால் யாருக்கும் நம்மைத் தெரிவதில்லை. உங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அம்மனை நம்புங்கள். எந்த நிலையில் இருந்தாலும் கூப்பிடுங்கள், பொய்யில் உட்கார்ந்திருந்தாலும் கூப்பிடுங்கள், அவள் வருவாள். ஆனால் உங்கள் வேலையை அவள் தலையில் வைத்துவிட்டு அவள் பேரைச் சொல்லி ஒளியாதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இன்றைக்கு ஒன்று தேவைப்படுகிறதா? யாரிடம் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? இதைப் படித்து முடித்ததும் எழுந்திருங்கள். ஒரு நிமிடம் அவளைக் கும்பிடுங்கள். பிறகு போய்க் கேளுங்கள்.